வாயிலுக்கும் கட்டிலுக்கும் இடையே



கிழக்கிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் கட்டாரில் தொழில் புரிகிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முப்பது நாள் லீவு. இம்முறை பிள்ளைகளை மலேசியாவுக்கு அழைத்துச் சென்று கேளிக்கைப் பூங்கா ஒன்றைக் காட்டுவதாக வாக்களித்திருக்கிறாராம். மூத்தவளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு, கடைக்குட்டிக்கு ஒன்றரை. மாமியும் கூட வருகிறார். பயண முகவர் கெந்திங் மலை, சன்வே லகூன், ஜொகூரிலுள்ள லெகோலாண்ட் என்று மூன்று இடங்களைச் சொல்லியிருக்கிறார். "பூங்காவோடு சேர்ந்த ஹோட்டலுக்கு விலை கூட. நகரத்துக்குள் எடுத்தால் அதில் பாதிதான் முடியும், இரவில் தூங்கத்தானே ஹோட்டல் என்று இவர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் சொல்லவும் தெரியவில்லை. நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும், மௌலவி" என்று கடிதம் முடிகிறது.

தலாக், வாரிசுரிமை, கூட்டு வட்டி என்று வரும் கடிதங்களுக்கு நடுவே ஹோட்டல் கேட்டு வந்த முதற் கடிதம் இதுதான். வாசித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு அடங்கிவிட்டது. ஏனெனில் "இரவில் தூங்கத்தானே ஹோட்டல்" என்ற அதே வார்த்தையை 2017 டிசம்பரில் நானும் என் வீட்டாரிடம் சொல்லியிருக்கிறேன்.

மனைவியின் தம்பி அப்போது ஜொகூரில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய அழைப்பின் பேரில்தான் போனோம். மூத்தவனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஐந்து, சின்னவனுக்குப் பதினான்கு மாதம். நகரத்துக்குள் மலிவான ஹோட்டல் ஒன்றை நானே பார்த்துப் பதிவு செய்தேன். பூங்கா அங்கிருந்து இருபத்தைந்து கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது. டாக்ஸியில் அரை மணித்தியாலம்தானே என்று எண்ணினேன். முதல் நாள் பதினொரு மணிக்கு உள்ளே நுழைந்தோம். பன்னிரண்டரைக்கெல்லாம் சின்னவன் சிணுங்கத் தொடங்கினான். ஒரு மணிக்கு அழுதான். தள்ளுவண்டியில் படுக்க வைத்தால் வெயில், நிழலுக்குக் கொண்டுபோனால் பாட்டுச் சத்தம். இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மூத்தவர்கள் இருவரும் இன்னும் ஒன்றும் ஏறவில்லை என்று என் கையைப் பிடித்து இழுத்தார்கள். கடைசியில் மனைவி சின்னவனைத் தூக்கிக்கொண்டு டாக்ஸியில் ஹோட்டலுக்குத் திரும்பினாள். போனவள் திரும்பி வர முடியவில்லை. வந்து போக ஒரு மணித்தியாலம், பிள்ளை தூங்க ஒன்றரை மணித்தியாலம், பூங்கா மூடுவதோ ஆறு மணிக்கு.

மறுநாள் "நான் வரல்ல, நீங்க அவங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்க" என்று அவளே சொல்லிவிட்டாள். நானும் அதை நல்ல ஏற்பாடு என்று எண்ணிக்கொண்டு போய்விட்டேன். ஊருக்கு வந்தபின் அவளுடைய உம்மா மலேசியாவில் என்ன பார்த்தாய் மகள் என்று கேட்டார். அறையின் முகட்டில் கிப்லாவுக்கு ஒட்டியிருந்த பச்சை அம்புக்குறியைப் பார்த்தேன் என்றாள். மலேசிய ஹோட்டல்களில் அப்படி ஓர் அம்புக்குறி முகட்டிலோ மேசை லாச்சியிலோ இருப்பது வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் ஒரு தாய் கடல் கடந்து போய் அதை மட்டும் பார்த்துவிட்டு வந்தாள் என்றால் பிழை என்னுடையது. தனிச்செலவாக ஒரு ஹோட்டலில் மிச்சம் பிடித்த பணத்தை டாக்ஸிக்கே பெரும்பாலும் கொடுத்துவிட்டு வந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே சகோதரிக்கு முதலில் சொல்வது இது. உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் உண்டு. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் குடும்பத்துக்கு ஹோட்டல் இரவுக்கு மட்டும் உரியதல்ல. அது பகலுக்கும் உரியது. நண்பகலில் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய்ப் படுக்க வைக்க ஒரு கட்டில் வேண்டும். அது எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நட்சத்திரங்களின் எண்ணிக்கை, வரவேற்பு மண்டபத்தின் அலங்காரம், காலை உணவில் எத்தனை வகை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மலேசியாவில் பகற்பொழுதின் போக்கைப் பாருங்கள். காலை பத்து மணிக்கு ஓரளவு இதமாக இருக்கும். பன்னிரண்டு மணி தொடக்கம் மூன்று மணி வரை சின்னப் பிள்ளை தாங்காத வெயில், பல நாட்களில் அதற்குப் பின்னால் இடியோடு மழை. இடி முழங்கினால் வெளியிலுள்ள இராட்டினங்களையும் நீர்ச் சறுக்குகளையும் நிறுத்திவிடுவார்கள். ஆகவே காலையில் இரண்டரை மணித்தியாலம் பூங்கா, பிறகு அறைக்கு வந்து சாப்பாடு, தூக்கம், மீண்டும் மாலையில் பூங்கா அல்லது நீச்சல் தடாகம் என்பதுதான் சிறு பிள்ளைகளோடு நடக்கக்கூடிய ஒழுங்கு. கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் ளுஹருக்கு ஒரு மணியளவில்தான் அல்லது சற்றுத் தாண்டித்தான் பாங்கு சொல்கிறார்கள். அறைக்கு வரும் நேரமும் அதுவே. நமது ஷாபிஈ மத்ஹபின்படி போன நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களுக்குக் குறைவாகத் தங்கும் பயணிக்கு நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கவும், ளுஹரோடு அஸரைச் சேர்த்துத் தொழவும் சலுகை உண்டு. பிள்ளை உறங்கும்போது இரண்டையும் நிம்மதியாகத் தொழுதுவிட்டால் மாலையில் வரிசையில் நின்றுகொண்டு நேரம் பார்க்க வேண்டியதில்லை. மாமிக்கும் கால் நீட்ட ஒரு மணித்தியாலம் கிடைக்கும். பூங்காக்களுக்குள் சுராவ் என்று சொல்லப்படும் தொழுகையறை இருக்கிறது, தொழ இடமில்லை என்ற கவலை வேண்டாம். ஆனால் தூங்குகிற பிள்ளையை வைத்துக்கொண்டு அங்கே வுழூச் செய்வது எவ்வளவு பாடு என்பதைத் தாய்மாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தூரத்தை அளப்பதில் ஏமாறாதீர்கள். "பூங்காவிலிருந்து ஐந்து நிமிடம்" என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் அது காரில், அதுவும் வீதியில் ஒருவரும் இல்லாதபோது. கைத்தொலைபேசி வரைபடத்தில் ஹோட்டல் கதவிலிருந்து பூங்கா வாயில் வரை நடை தூரம் எவ்வளவு என்று பாருங்கள். இடையில் பெரிய வீதி ஒன்றைக் கடக்க வேண்டுமா என்றும் பாருங்கள். இலவச பஸ் விடுகிறோம் என்றால் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை, நண்பகலில் ஓடுகிறதா, தள்ளுவண்டியை மடிக்காமல் ஏற்றலாமா என்று கேளுங்கள். காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் ஏற்றி வருகிற பஸ்ஸால் உங்களுக்குப் பயனில்லை.

இனி முகவர் சொன்ன மூன்று இடங்களுக்கு வருவோம்.

கெந்திங் சுமார் 6000 அடி உயரத்து மலை. குளிர் நல்லது, மழையில் நனையாமல் கூரைக்குள்ளேயே ஒரு விளையாட்டுத் திடலும் உண்டு. 90களில் போய் வந்தவர்கள் சொல்லும் பழைய திறந்தவெளிப் பூங்கா 2013இல் மூடப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் புதிய பூங்கா 2022இல் திறந்தார்கள். அங்குள்ள ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலில் 7351 அறைகள். 2015இல் உலகிலேயே அதிக அறைகள் கொண்ட ஹோட்டல் என்று கின்னஸ் பதிவு பெற்றது அதுதான். அத்தனை அறைகள் என்றால் விலை குறையும், ஆனால் சாவி வாங்கும் வரிசை நீளும். மலை வீதியின் வளைவுகளில் சிறுவர்கள் வாந்தி எடுப்பதும் உண்டு. இவற்றை எல்லாம் சமாளிக்கலாம். ஆனால் மலேசியாவில் உரிமம் பெற்ற ஒரே சூதாட்டக்கூடம் இருப்பதும் அங்கேதான், அதே கட்டடத் தொகுதியில். அந்நாட்டு முஸ்லிம்கள் அதனுள் நுழைவது சட்டப்படி தடை. மலைக்குப் போகவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மலேசிய முஸ்லிம் குடும்பங்களே பிள்ளைகளோடு போய் வருகின்றன, மலைச் சரிவில் நல்ல பள்ளிவாசலும் உண்டு. ஆயினும் ஏழு வயதுப் பிள்ளை அங்கே உள்ளே என்ன வாப்பா நடக்கிறது என்று மூன்று நாளும் கேட்கும் இடத்தில் தங்குவதைவிட, கோலாலம்பூரில் தங்கி ஒரு பகல் மட்டும் கேபிள் காரில் ஏறி இறங்குவதையே நான் தெரிவு செய்வேன்.

சன்வே லகூன் கோலாலம்பூரை அடுத்திருக்கிறது. பழைய ஈயச் சுரங்கம் தோண்டிய பள்ளத்தில் 1993இல் திறந்தார்கள். நீர் விளையாட்டுக்கள்தான் அதன் சிறப்பு. பக்கத்திலேயே பெரிய கடைத் தொகுதியும் அதோடு ஒட்டிய ஹோட்டல்களும் உள்ளன. மாமிக்கு வெயில் படாமல் நடக்க அந்தக் கடைத் தொகுதி நல்ல இடம். மூத்தவளைப் போன்ற ஏழெட்டு வயதுக்காரருக்கு இங்கே நேரம் போவதே தெரியாது. ஒன்றரை வயதுக்காரனுக்கு ஆழமில்லாத சிறுவர் தடாகம் போக அதிகமில்லை.

லெகோலாண்ட் 2012இல் ஜொகூரில் தொடங்கியது. இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்தே அமைத்திருக்கிறார்கள். 2013இல் நீர்ப்பூங்காவும் அதை அடுத்து 249 அறைகள் கொண்ட ஹோட்டலும் வந்தன. ஹோட்டல் பூங்கா வாயிலின் அருகிலேயே இருக்கிறது. நாங்கள் அந்த வாசலைக் கடந்துதான் டாக்ஸி பிடிக்கப் போனோம். அந்த அறைகளில் பெற்றோரின் கட்டில் ஒரு பக்கம், பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டிலும் அதன் அடியிலிருந்து இழுத்தெடுக்கும் கட்டிலும் மறுபக்கம் என்று பிரித்திருக்கிறார்கள். சின்னவன் தூங்கும்போது பெரியவர்கள் விளக்கைப் போட்டு வைத்திருக்கலாம். இது சிறிய விடயம்போல் தோன்றும். ஒற்றை அறையில் பிள்ளை எழும்பிவிடுமோ என்று குளியலறைக்குள் உட்கார்ந்து தேநீர் குடித்த தாய்மாருக்குத்தான் இதன் அருமை தெரியும். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவரை மேல் தட்டில் படுக்க விடாதீர்கள், எவ்வளவு அழுதாலும் சரியே. குறை என்னவென்றால், கோலாலம்பூரிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல், வீதியால் நான்கு மணித்தியாலம்.

உங்கள் பிள்ளைகளின் வயதுக்கு நான் மூன்றாவதைச் சொல்வேன். இரண்டே இரவு அந்த வாயிலோர ஹோட்டலில். மீதி நாட்களுக்கு உங்கள் கணவர் சொல்லும் மலிவான ஹோட்டல் கோலாலம்பூரில் போதும். பூங்கா இல்லாத நாட்களில் அவர் சொல்வது சரியே. இப்படிக் கணக்குப் போட்டுக் காட்டினால் அவருக்கும் மனம் கோணாது. பாலைவன வெயிலில் உழைத்துச் சேர்த்த காசு, அவர் எண்ணிப் பார்ப்பதில் குற்றமில்லை.

நாட்களையும் பார்த்து எடுங்கள். நாங்கள் ஒரு வெள்ளிக்கிழமை போய் மாட்டிக்கொண்டோம். 2014 தொடக்கம் 2024 முடியும் வரை ஜொகூர் மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. அது எனக்குத் தெரியாது. 2025 ஜனவரி முதல் மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. சிங்கப்பூர் குடும்பங்களும் பாலம் கடந்து வருவது அந்நாட்களில்தான். ஜூனிலும் நவம்பர், டிசம்பரிலும் அவர்களுக்குப் பாடசாலை விடுமுறை. நோன்புப் பெருநாளைக்கு அடுத்த வாரம் மலேசியா முழுவதும் ஊர் போய்த் திரும்பும் காலம், வீதிகளே நகராது. திங்கள் முதல் வியாழன் வரை எடுத்தால் அறை விலையும் இறங்கும், வரிசையும் சுருங்கும்.

பதிவு செய்யுமுன் கேட்க வேண்டியவை சில. கொழும்பிலிருந்து நள்ளிரவு விமானத்தில் ஏறினால் மூன்றரை மணித்தியாலத்தில் இறங்கிவிடுவீர்கள். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னே. ஆனால் ஹோட்டல் அறை தருவது பிற்பகல் மூன்று அல்லது நான்கு மணிக்குத்தான். விடியற்காலையில் மூன்று பிள்ளைகளோடும் ஒரு வயோதிப மாதாவோடும் வரவேற்பு மண்டபக் கதிரைகளில் எட்டு மணித்தியாலம் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒன்று பகல் விமானம் எடுங்கள், அல்லது முதல் இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். அந்த நேர வித்தியாசத்தால் பிள்ளைகள் அங்கே பத்தரை வரை தூங்க மாட்டார்கள், காலையில் பிந்தி எழும்புவார்கள். காலை உணவு எத்தனை மணி வரை என்று கேட்டு வையுங்கள்.

உங்கள் கணக்கில் ஆறு பேர். ஓர் அறைக்கு எத்தனை பேர் என்று ஒவ்வொரு ஹோட்டலிலும் வரையறை உண்டு. கைக்குழந்தையைச் சேர்த்து எண்ணுகிறார்களா, தொட்டில் தருகிறார்களா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இரண்டு அறை என்றால் பக்கத்து அறை போதாது, உள்ளே கதவு திறக்கும் அறைகளாக இருக்க வேண்டும். அறையில் கேத்தல் இருக்கிறதா, பால்மா கலக்க அது வேண்டும். பால்கனி இருந்தால் அதன் பூட்டு பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா? இவற்றுக்கு மேலாக, வெளிநாட்டார் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். 2017 செப்டெம்பரில் வந்த சட்டம். பெரும்பாலும் கவுண்டரில் கேட்பார்கள், முற்பணமும் பிடித்து வைப்பார்கள். கணவர் கையில் கொஞ்சம் ரிங்கிட் இருக்கட்டும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. முஸ்லிம் நாடுதானே என்று கண்ணை மூடிக்கொண்டு உட்காராதீர்கள். அங்கே ஹலால் சான்றிதழ் கட்டடத்துக்கு அல்ல, அந்தந்தச் சமையலறைக்கு வழங்கப்படுகிறது. ஒரே ஹோட்டலில் ஓர் உணவகத்துக்கு இருக்கும், அடுத்ததற்கு இராது. ஜாக்கிம் என்ற அரச திணைக்களத்தின் முத்திரையைத் தேடுங்கள். "பன்றி இறைச்சி இல்லை" என்று மட்டும் எழுதி வைத்திருப்பது அந்த முத்திரைக்கு ஈடாகாது, கோழியை யார் அறுத்தது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

நீச்சல் தடாகத்துக்குப் போகுமுன் உடையைக் கேளுங்கள். முழு உடலையும் மறைக்கும் நீச்சலுடையை அநேகமாக எங்கும் அனுமதிக்கிறார்கள், ஆனால் பருத்தித் துணி, அபாயா போன்றவற்றோடு இறங்க விடமாட்டார்கள். ஆண்களும் பெண்களும் கலந்த தடாகத்தில் இறங்க விரும்பாத சகோதரிக்கு, கரையில் நிழலும் கதிரையும் இருக்கிறதா என்பது முக்கியம். ஹோட்டல் தடாகங்களில் காவலர் இருப்பதாக எண்ண வேண்டாம், இல்லை என்று பலகையே வைத்திருப்பார்கள். தண்ணீரில் மூழ்கும் பிள்ளை கத்துவதில்லை, கையை அடித்துக்கொள்வதும் இல்லை. சத்தமே இல்லாமல் போய்விடும். ஆகவே "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்ற ஏற்பாடு வேண்டாம். இந்த அரை மணி நேரம் வாப்பா, அடுத்த அரை மணி நேரம் உம்மா என்று ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். அந்த ஒருவர் கையில் கைத்தொலைபேசி இருக்கக்கூடாது.

வீட்டிலேயே பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் அளந்து குறித்துக்கொண்டு போங்கள். ஒவ்வோர் இராட்டினத்துக்கும் உயர எல்லை உண்டு. நாற்பது நிமிடம் வரிசையில் நின்று அளவுக் கோலடியில் திருப்பி அனுப்பப்படும் நாலு வயதுப் பையனின் அழுகையை நீங்கள் கேட்க வேண்டாம். வயதையும் உள்ளபடியே சொல்லுங்கள். மூன்று வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை என்பதற்காக மகனுக்கு மூன்று நிறையவில்லை என்று ஒரு வாப்பா கவுண்டரில் சொல்லிக்கொண்டிருந்தார். மகனோ நான்கு விரலை நீட்டி, "எனக்கு நாலு" என்று ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னான். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் சிரித்தாள். வாப்பா சிரிக்கவில்லை.

இதை எழுதி முடித்து வழக்கம்போல் என் வீட்டாரிடம் வாசிக்கக் கொடுத்தேன். அம்புக்குறி பற்றிய இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அந்த ஜன்னலப் பத்தி நீங்க எழுதல்லியே" என்றாள். எந்த ஜன்னல் என்று கேட்டேன். "திறந்தா முன்னால சுவர் இருந்திச்சே, அந்த ஜன்னல். அதையும் பார்த்து எடுக்கச் சொல்லுங்க" என்றாள். சகோதரி, அறை எடுக்கும்போது ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் கேளுங்கள்.